கடலைக்கொடிப் போர் இருந்த மேடை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிக்கும் மத்தூருக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில், வீட்டின் புழக்கடையைத் தாண்டியதும் பலகைக் கற்கள் பரப்பிய ஒரு மேடை இருக்கிறது. கரையான் ஏறாதிருக்க என் தாத்தா போட்டது. ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்த நிலக்கடலையைக் கார்த்திகைக்குள் பிடுங்கிக் காய் ஆய்ந்த பிறகு, கொடியை நன்றாக உலர்த்தி அந்த மேடைமேல் போராக அடுக்கி, மேலே சோளத்தட்டைக் கூரைபோலப் பரப்பி விடுவார்கள். அடுத்த ஆடி வரையில் இரண்டு உழவு மாடுகளுக்கும் ஒரு கறவைக்கும் அதுவே ஆதாரம். இப்போது அந்த மேடையில் என் தம்பி மகளின் ஸ்கூட்டர் நிற்கிறது. பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில், ஐம்பது கிலோ மாட்டுத்தீவன மூட்டைகள் இரண்டோ மூன்றோ கிடக்கும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். 1991ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் என்றால் பாடத்தில் தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்ற மூன்று சொற்கள் வரும். அவற்றை வரையறுத்தால் மதிப்பெண் உண்டு. தொழிற்சாலை, வங்கி, அந்நியச் செலாவணி எல்லாம் அந்தப் பாடத்தில் இருந்தன. மாடு இல்லை. விடியற்காலையில் கூட்டுறவுச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, கையில் சாண வாடை போகாமல் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நான் அதை அப்படியேதான் நடத்தினேன். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சீர்திருத்தமும் மாடும் என்றதும் எல்லோரும் பால் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் மாட்டை அது முதலில் தொட்டது தீனியில் என்பதும், பால் விலை பிறகு வந்த கதை என்பதும் என் எண்ணம்.

எண்பதுகளின் பிற்பகுதியில் எண்ணெய் வித்துகளுக்கென்று ஒரு தேசியத் தொழில்நுட்ப இயக்கம் இருந்தது. 1986இல் தொடங்கிய அந்த இயக்கத்தின் பயனாகவும், இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டின் பயனாகவும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்டது. 1994இல் பாமோலின் என்ற பாமாயில் வகையை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று கதவு திறக்கப்பட்டது. அப்போது 65 சதவீதமாக இருந்த சுங்க வரி, நான்கைந்து ஆண்டுகளில் 15 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இன்று நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. இந்தச் செய்தியைப் பாடநூல் வணிகக் கொள்கை என்ற தலைப்பில் சொல்லும். எங்கள் ஊரில் அது மேடைமேல் கடலைக்கொடி இல்லாமல் போன செய்தி.

நிலக்கடலை விளைந்தால் எண்ணெய் மனிதருக்கு, பிண்ணாக்கு கறவைக்கு, கொடி எல்லா மாட்டுக்கும் என்பது வழக்கம். செக்குக்குக் கடலை கொண்டுபோனவர் எண்ணெயோடு பிண்ணாக்கையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். காசு கொடுத்து மாட்டுக்குத் தீனி வாங்குவது என்ற பேச்சு, கோடையில் ஒரு வண்டி வைக்கோல் வாங்குவதைத் தவிர, எங்கள் வீட்டில் இருந்ததில்லை. கடலைக்கு விலை கட்டாமல் போனதும் முதலில் கொல்லையின் ஒரு பகுதியும், பிறகு முழுவதும் மாந்தோப்பானது. கிருஷ்ணகிரிச் சுற்று வட்டாரத்தின் மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாம்பழத்துக்கு ஏங்கிய காலம் அது. மாங்கூழ் ஏற்றுமதியும் அதே சீர்திருத்தத்தின் இன்னொரு முகம்தான். மாமரம் பணம் தரும். ஆனால் மாட்டுக்கு ஒரு கூடைத் தட்டு தராது.

பாமாயிலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. மழை பொய்த்த ஆண்டுகள் பல, கடலை பிடுங்க ஆள் கிடைக்காமல் போனது, காட்டுப்பன்றி வேறு. அதோடு, 2007 முதல் ரேஷன் கடையில் பாமாயில் கிடைத்து, பின்னர் அது லிட்டர் 25 ரூபாய் என்றானபோது, கடலை விதைத்த குடும்பங்களே அதை வரிசையில் நின்று வாங்கின. எங்கள் வீட்டுத் தீபாவளி வடையும் அந்த எண்ணெயில்தான் வெந்தது. மலிவு எண்ணெய் ஏழைக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த மலிவின் ஒரு பங்கைக் கறவை மாடு செலுத்தியது என்பதைத்தான் யாரும் கணக்கில் எழுதவில்லை.

கொடியும் பிண்ணாக்கும் போன இடத்துக்குத் தீவன மூட்டை வந்தது. மூட்டைக்குள் இருப்பவை மக்காச்சோளம், எண்ணெய் நீக்கிய தவிடு, புண்ணாக்கு வகைகள், உப்பு, தாது உப்பு. இவற்றில் எதன் விலையும் போச்சம்பள்ளியில் தீர்மானமாவதில்லை. மக்காச்சோளத்தை நாமக்கல் கோழியும் கேட்கிறது. சில ஆண்டுகளாக எத்தனால் ஆலையும் கேட்கிறது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தபோது, ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. பெட்ரோலில் கலப்பதற்கும் எங்கள் மாட்டின் தொட்டிக்கும் ஒரே தானியம். எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு வெளிநாட்டுக்குப் போனால் இங்கே தீவன விலை ஏறுகிறது என்பதற்காக 2023 ஜூலையில் அதன் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2021 ஆகஸ்டில் கோழிப்பண்ணைகளின் நெருக்கடி தாளாமல் 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். இவ்வளவும் நடந்து முடிந்த பின், கடைக்காரர் “மூட்டைக்கு நாப்பது ரூபா ஏறிடுச்சுங்க” என்று ஒரே வரியில் சொல்வார்.

இனிப் பாலுக்கு வருகிறேன். 1970இல் தொடங்கி 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டத்தின் பிள்ளைதான் எங்கள் ஊர்ச் சொசைட்டி. ஆவின் என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981இல் அமைந்தது. தெருமுனையில் கேன்கள் வரிசையாக நிற்கும். செயலாளர் பால்மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். பட்டுவாடா நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பார். அம்மா தன் வாழ்நாளில் அப்பாவிடம் கேட்காமல் செலவழித்த ஒரே பணம் அதுதான்.

1991 ஜூலை 24ஆம் நாள் வந்த புதிய தொழிற்கொள்கை, பால் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கியது. கூட்டுறவுகள் பதறின. அடுத்த ஆண்டு ஜூனில் பால் மற்றும் பால் பொருள்கள் ஆணை வந்தது: நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கு மேல் கையாளும் ஆலைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒவ்வொன்றும் தனக்கு ஒதுக்கிய கொள்முதல் எல்லைக்குள் வாங்க வேண்டும். 2002இல் அந்த எல்லையும் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ச் சாலையில் காலையும் மாலையும் தனியார் வேன்கள் வரத் தொடங்கின.

வேன் வந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டால், நல்லது என்றுதான் முதலில் சொல்வேன். ஒரே ஒரு வாங்குபவர் இருந்த காலத்தில், பால் தண்ணீராக இருக்கிறது என்று சொசைட்டியில் திருப்பி அனுப்பினால் வீட்டுக்குக் கொண்டுவந்து தயிர் தோய்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாவது ஆள் வந்த பிறகு சொசைட்டிக் குரலில் ஒரு பணிவு வந்தது. ஆள்வாரியாகக் கொழுப்பும், கொழுப்பல்லாத திடப்பொருளான எஸ்.என்.எஃப்பும் பார்த்துச் சீட்டு அச்சடிக்கும் இயந்திரமும் பின்னாலேயே வந்தது. தனியார் பத்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் பணம் கொடுத்தார்கள். மாடு வாங்க முன்பணமும் கொடுத்தார்கள். ஆனால் மழைக்குப் பின் பசும்புல் பெருகிப் பால் மிகும் மாதங்களில் விலையை மூன்று ரூபாய், நான்கு ரூபாய் என்று சத்தமில்லாமல் குறைப்பார்கள். பால் பவுடர் விலை உலகச் சந்தையில் விழுந்தால் அந்த வாரமே வேனில் அது தெரியும். 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்து தேநீர்க் கடைகளும் ஓட்டல்களும் மூடியபோது, தனியார் பல இடங்களில் கொள்முதலைக் குறைத்துக்கொண்டார்கள்; அந்த நாள்களில் வேனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு மறுபடி சொசைட்டி வாசலில் நின்றார்கள். ஆவின் கூடுதலாக வாங்கியது. கூட்டுறவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு மாதத்தைத்தான் காட்டுவேன்.

ஆவினின் கொள்முதல் விலை அரசு அறிவிப்பது. 2014 நவம்பரில் பசும்பால் லிட்டருக்கு 23 ரூபாயிலிருந்து 28 ரூபாயானது. அந்த 28 ரூபாய் 2019 ஆகஸ்டு வரை அசையவில்லை. பிறகு 32, 2022 நவம்பரில் 35, 2023 டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை. நடுவில் 2021 மே மாதத்தில் நகரத்து மக்களுக்கான விற்பனை விலையை 3 ரூபாய் குறைத்தார்கள். நான்கே முக்கால் ஆண்டுகள் ஒரே எண்ணில் நின்ற விலைக்கு எதிரே தீவன மூட்டை எத்தனை முறை ஏறியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், சீர்திருத்தம் எங்களுக்கு எந்த உருவில் வந்தது என்பது விளங்கும். மாட்டின் வாய்ப்பக்கம் சந்தை முழுவதுமாகத் திறந்துவிட்டது. மடிப்பக்கம் பாதி அரசாணையிலும் பாதி கம்பெனியின் விருப்பத்திலும் நிற்கிறது. தனியாரும் ஆவின் விலையைப் பார்த்துத்தான் தங்கள் விலையைச் சொல்கிறார்கள்.

2023 மே மாதத்தில் எங்கள் மாவட்டம் திடீரென்று செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. குஜராத்தின் அமுல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குளிரூட்டும் நிலையங்களும் பதப்படுத்தும் நிலையமும் அமைத்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர் முதலிய மாவட்டங்களில் பால் வாங்கத் திட்டமிடுகிறது என்றும், அதைத் தடுக்க வேண்டும் என்றும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கூட்டுறவின் பகுதிக்குள் இன்னொரு கூட்டுறவு நுழையாதிருப்பதே வெண்மைப் புரட்சிக் காலம் முதலான நடைமுறை என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் சொசைட்டி வாசலில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இன்னொருவர் வந்து வாங்கினால் நமக்கு என்ன நட்டம் என்றுதான் பலரும் கேட்டார்கள். தனியாருக்கு 2002இலேயே திறந்துவிட்ட எல்லையை, 2023இல் ஒரு கூட்டுறவுக்கு மட்டும் சாத்தச் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுவதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

தம்பி மனைவியின் கறவைக் கணக்கை 2025 தையில் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். இரண்டு கலப்பின ஜெர்சிகள், ஒன்று மூன்றாம் ஈத்து, ஒன்று இரண்டாம் ஈத்து. வீட்டுக்கு எடுத்தது போக நாளொன்றுக்கு 16 லிட்டர். ஊக்கத்தொகையும் சேர்த்துச் சராசரியாக லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் 560 ரூபாய். தீவனம் ஒன்பது கிலோ, கிலோ 28 ரூபாய் வீதம் 252. வைக்கோல், பிண்ணாக்கு, வாங்கிய பசும்புல் ஆகியவற்றுக்கு 90. சினை ஊசி, வைத்தியம், தாது உப்பு ஆகியவற்றை நாள்வாரியாகப் பிரித்தால் 20. மிச்சம் 198 ரூபாய். காலை நான்கரை மணிக்கு எழுந்து சாணம் அள்ளுவதிலிருந்து இரவு தண்ணீர் காட்டுவது வரை இரண்டு பேருக்குமாக ஐந்தாறு மணி நேர வேலைக்கு அந்த 198. அந்த நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒருவருக்கு அறிவிக்கப்பட்ட கூலி 319 ரூபாய். என் கணக்கில் மாடு வாங்கிய கடனின் வட்டி இல்லை. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் பால் வற்றி நிற்கும் நாள்களும் இல்லை.

நோட்டைப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “சாணியைக் கணக்குல சேர்த்தீங்களா, மாமா?” என்றார். சேர்க்கவில்லை. ஆண்டுக்கு மூன்று டிராக்டர் எரு மாந்தோப்புக்குப் போகிறது. வெளியே விற்றால் அதற்குத் தனி விலை. பொருளியல் ஆசிரியருக்கு அது தோன்றவில்லை. சேர்த்தாலும் 198 என்பது 230ஐத் தாண்டாது என்று பிறகு கணக்குப் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சந்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு விவரம் தெரிந்த நாள் முதல் போய்வருகிறேன். வாங்குபவரும் தரகரும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதையும், பல்லையும் சுழியையும் பார்ப்பதையும், அச்சாரமாகக் கொடுத்த நூறு ரூபாய்த் தாளை விற்பவர் கண்ணில் ஒற்றிக்கொள்வதையும் இன்றும் அங்கே காணலாம். மாடு வளர்ப்பவருக்குச் சந்தைதான் வங்கி. பெண்ணுக்குக் கல்யாணமா, ஆஸ்பத்திரிச் செலவா, கல்லூரிக் கட்டணமா, சனிக்கிழமை மாட்டைக் குளிப்பாட்டி ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு போனால் மாலையில் கையில் பணம்.

அந்த வங்கி 2016 நவம்பரிலிருந்து ஏழெட்டு மாதங்கள் உட்கார்ந்துபோனது. நவம்பர் 8ஆம் நாள் செவ்வாய்க்கிழமை இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அந்த ஞாயிறு, 13ஆம் நாள், நான் சந்தைக்குப் போனேன். மாடுகள் வந்திருந்தன, வாங்க ஆளும் வந்திருந்தார்கள், பணம் மட்டும் வரவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்பது அன்றைய வரம்பு. சுமாரான ஒரு கறவை மாட்டின் விலையே அதைத் தாண்டும். பழைய தாளை வாங்கிக்கொள்வதானால் விலையை ஏற்றிக் கேட்டார்கள், புதுத் தாளானால் பாதி விலைக்குக் கேட்டார்கள். அதோடு வடகிழக்குப் பருவமழை அந்த ஆண்டு கைவிட்டது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. தீனி இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். இவ்வளவும் போதாதென்று மே 23ஆம் நாள், கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதிகள் வந்தன. ஒரு வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. ஆனால் வியாபாரிகளின் அச்சத்துக்கு நீதிமன்றம் தடை விதிக்க முடியாதல்லவா? லாரிக்காரர்கள் வர மறுத்தார்கள்.

இறைச்சிக்கு விற்பது பற்றி எங்கள் வீட்டிலேயே இரண்டு கருத்து உண்டு. அம்மா கடைசி வரை அந்தப் பேச்சை எடுக்க விட்டதில்லை. ஆயினும் பால் தொழிலின் கணக்கு, வயதான மாட்டுக்கும் காளைக் கன்றுக்கும் கிடைக்கும் விலையையும் சேர்த்தே நிற்கிறது. பழைய மாடு கொண்டுவரும் பணத்தில்தான் புதிய கிடாரிக்கு முன்பணம். ஆலம்பாடி மாடு தொழுவத்தில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒகேனக்கலை ஒட்டிய காவிரிக்கரை ஊரின் பெயரைத் தாங்கிய அந்த இனத்தில் காளைக்குத்தான் மதிப்பு. பசு கன்றுக்குப் போக ஒன்றிரண்டு படி கறந்தால் அதிகம். டிராக்டர் வந்து உழவு மாட்டின் வேலையை எடுத்துக்கொண்டது. ஜெர்சி வந்து பாலை எடுத்துக்கொண்டது. 2012க்கும் 2019க்கும் இடையில் நாட்டில் கலப்பின மாடுகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெருகின என்றும், நாட்டு மாடுகள் சுமார் 6 சதவீதம் குறைந்தன என்றும் கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஜெர்சியின் காளைக் கன்றை ஏர் பூட்ட யாரும் வாங்குவதில்லை. எருது விடும் விழாவுக்கும் அது ஆகாது. ஆலம்பாடி இனத்தைக் காக்கத் தருமபுரி மாவட்டத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் ஒன்று வந்திருக்கிறது. நல்ல காரியம்தான், கொஞ்சம் முன்னமே செய்திருக்கலாம்.

என் கண்ணுக்கு, இத்தனை மாற்றத்திலும் கெடாமல் நின்றது ஆடு. ஆட்டுக்குத் தீனி வாங்க வேண்டாம். ஆட்டின் விலையை அரசும் அறிவிப்பதில்லை, கம்பெனியும் அறிவிப்பதில்லை. பெங்களூருவின் வருமானம் ஏற ஏறக் கறி விலை ஏறியது. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வரும் வியாபாரியிடம் நிலமில்லாத ஒரு பாட்டியும் தன் கிடாய்க்கு விலை சொல்லிப் பிடிவாதமாக நிற்க முடிகிறது. 2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது நானும் கேலி செய்தவன்தான். அப்படி வந்த நான்கைப் பதினைந்தாக்கி, பெண்ணை நர்சிங் படிக்க வைத்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆட்டுக்கு வந்த இடைஞ்சல் வேறு: மேய இடமில்லை. தரிசு அரசின் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனது. மிச்சத்தில் வீட்டுமனைக்காரர்கள் கல் நட்டார்கள். பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் காட்டை நம்பிப் பட்டி போட்டவர்களுக்கு, 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் வந்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் கால்நடை மேய்ப்பதற்குத் தடை விதித்தது, முதலில் மாநிலக் காடுகள் அனைத்துக்குமாக, பிறகு சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் போன்றவற்றுக்கு மட்டுமாகச் சுருக்கி.

கம்பெனிக் கோழியின் கதை இதற்கு நேர்மாறு. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை, வளர்ந்த கோழியும் கம்பெனியுடையது. கொட்டகையும் அதன் கடனும் மின்கட்டணமும் சித்திரை வெயிலில் செத்து விழும் கோழியும் மட்டும் வளர்ப்பவருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. விலை வீழ்ச்சியின் பயம் இல்லை என்பது உண்மை. விலை ஏறினால் பங்கும் இல்லை.

கடன் பற்றி இரண்டு வார்த்தை. எண்பதுகளில் ஐ.ஆர்.டி.பி. என்ற ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் மானியத்தோடு வந்த மாடுகளை ஊரில் ‘லோன் மாடு’ என்பார்கள். காதில் வில்லை தொங்கும். ஒரே மாட்டைக் காட்டி இரண்டு பேர் கடன் வாங்கிய கதைகளும் உண்டு. தமிழ்நாட்டில் பெண்கள் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. 2018-19 நிதிநிலை அறிக்கையில் உழவர் கடன் அட்டையைக் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கினார்கள். 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதமாகக் குறையும். தம்பி மனைவி அதற்காக ஒரு வங்கிக்கு நான்கு முறை போனார். பட்டா தம்பி பெயரில் இருக்கிறது, பால் புத்தகம் இவர் பெயரில் இருக்கிறது என்றார்கள். மாடு கறப்பவர் பெயரில் நிலம் இருக்க வேண்டும் என்று எந்த விதியில் உள்ளது என்று நான் போய்க் கேட்டதற்கு, மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்ற பதில் கிடைத்தது. கடைசியில் தாலிச் சரடு போக மிச்ச நகையை அடகு வைத்துத்தான் இரண்டாவது மாடு வந்தது. இப்போது அதன் காதிலும் மஞ்சள் வில்லை இருக்கிறது, 12 இலக்க எண்ணோடு. அரசுக் கணினியில் அந்த மாட்டுக்கு ஓர் இடம் உண்டு. கடன் அட்டைதான் இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. ஊரில் நெய் வாங்கித் தின்பவர்கள் மகிழ்ந்தார்கள். எங்கள் பால் சீட்டில் ஒரு பைசா மாறவில்லை.

சீர்திருத்தத்தின் மிகப் பெரிய விளைவு கால்நடைத் துறைக்கு வெளியே நடந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 2021இல் போச்சம்பள்ளி சிப்காட்டில் மின் ஸ்கூட்டர் ஆலை வந்தது. ஓசூர்ப் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. மாட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊரின் பெயர் தொழில் பக்கங்களில் அடிபடுகிறது. கம்பெனிப் பேருந்து விடியற்காலையில் ஊருக்குள் வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அதே நேரம்தான் முன்பு அவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போன நேரம். தம்பி மகள் அப்படிப் போகிறவர்களில் ஒருத்தி. “பெரியப்பா, எனக்கு மாசம் பொறந்தா சம்பளம். அம்மாவுக்கு மாடு ஒரு நாள் தீனி எடுக்கலைன்னா அந்த வாரமே போச்சு” என்கிறாள். அவள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அவளுடைய சம்பளம் வந்த பிறகுதான் தீவனக் கடைப் பாக்கி நின்றது என்பதும் எனக்குத் தெரியும். இன்று எங்கள் தெருவில் பால் கறப்பவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

சென்ற கார்த்திகையில் இரண்டு மாடு இனித் தாங்காது என்று முடிவு செய்தார்கள். மூத்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு தம்பியும் மனைவியும் போனார்கள். நானும் கூடப் போனேன். தரகர் வாயைத் திறந்து பார்த்தார். “பல்லு சேந்துடுச்சுங்க. சினையும் ரெண்டு மாசம்தான்னு சொல்றீங்க. இதுக்கு மேல எத்தனை ஈத்து தாங்கும்?” என்றார். துண்டுக்கு அடியில் அவர் பிடித்த விரல்களைத் தம்பி முகம் காட்டியது. மூன்று பேர் வந்து கேட்டார்கள். மூன்றாவது ஆள் முதல் ஆளைவிட இரண்டாயிரம் குறைத்துக் கேட்டார். பகல் பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும், தம்பி மனைவி கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, “கன்னு போடட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று மாட்டைத் திருப்பினார்.

வரும் வழியில் தீவனக் கடையில் நின்றோம். மூட்டை விலை போன மாதத்தைவிட இருபது ரூபாய் கூடியிருந்தது. கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டோம்.